குராலுக்கு ஒரு நிமிட மௌனம்

என் பெயர் கி. மாது. வயது இருபத்து மூன்று. சொந்த ஊர் மொரப்பூருக்கு நாலு கிலோமீட்டர் தள்ளி. வேலை திருப்பூரில், ஒரு சாயப்பட்டறையில். இதைச் சொல்லும்போது நான் இருப்பது நல்லம்பள்ளி கால்நடை அடையாள மையத்தின் கம்பி வேலிக்கு வெளியே, ஒரு புளியமரத்தடியில். பெயர், வயது, இருப்பிடம் மூன்றும் முதலிலேயே வர வேண்டும் என்பது மேல்முறையீட்டு விதி. அதனால் சொல்லிவிட்டேன். நீளமாக எழுதிப் பழக்கம் இல்லாததால் நான் பேசப் பேச ஃபோன் எழுதிக்கொள்கிறது. "மரியாதையா எழுதச் சொல்லுடா அத. ஆபீசர் படிக்கப் போறாங்க" என்கிறாள் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் அம்மா. அதனால் மரியாதையாகவே பேசுகிறேன்.

விஷயம் ஒரு மாடு. அதன் நிறம் குரால்.

தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். கேழ்வரகுக் களியைக் கிண்டி இறக்கி வைத்து, அது ஆறின பிறகு மேலே ஒரு தோல் படியும். அந்த நிறத்தில் கொஞ்சம் புகை கலந்தால் குரால். சிவப்பு இல்லை. பழுப்பு இல்லை. சாம்பலும் இல்லை. எங்கள் ஊரில் இதை யாரும் யாருக்கும் விளக்கியது கிடையாது. மாட்டைக் காட்டிக் குரால் என்பார்கள், பிள்ளைகளும் குரால் என்று சொல்லிக்கொண்டே வளரும்.

எங்கள் பக்கம் ஒரு வழக்கம் உண்டு. கரட்டில் மேயப் போன மாடு பொழுது சாய்ந்தும் திரும்பவில்லை என்றால், தேடிப் போகிறவர் எதிரே வருகிறவரிடம் முதலில் நிறத்தைத்தான் சொல்வார். நிறத்தை மாற்றிச் சொன்னால் அடுத்தவர் மாட்டைக் கேட்டதாக அர்த்தம். பக்கத்து வீட்டு மாரப்பன் மாமாவின் மாடு பழுப்பு. எங்கள் மாடு குரால். என் அம்மா சாலம்மாள் ஒருநாள் வாய் தவறி, "பழுப்பு மாடு பாத்தீங்களா?" என்று கேட்டுவிட்டால் போதும். சாலம்மாளுக்கு எதற்கு மாரப்பன் மாடு என்று ஊரே பேசும். நிறத்தை வைத்து எங்கள் ஊரில் ஒரு மாடுகூட இதுவரை மாறிப் போனதில்லை. மையம் வரும்வரை மாறிப் போனதில்லை.

பதினேழு நாளைக்கு முன்னால், ஒரு சனிக்கிழமை, மாடு கயிற்றை அறுத்துக்கொண்டு போனது. நிறைமாதச் சினை. வேலிக் கருவை முள்ளில் காது மாட்டி, மஞ்சள் நம்பர் வில்லையும் பிய்ந்து விழுந்துவிட்டது. மொரப்பூர் ரயிலடி ரோட்டில் நின்றுகொண்டிருந்த அதை மையத்தின் வண்டி வந்து ஏற்றிக்கொண்டது. வண்டியில் "உங்கள் மாடு, எங்கள் பொறுப்பு" என்று எழுதியிருந்ததாம்.

அப்பா இல்லை, நான் திருப்பூரில். அம்மா மாட்டின் தடுப்பூசி அட்டையை மஞ்சப்பையில் போட்டுக்கொண்டு, இரண்டு பஸ் மாறி நல்லம்பள்ளி போனாள். அட்டையில், நிறம் என்ற இடத்தில், நாலு வருடத்துக்கு முன் ஊசி போட வந்த டாக்டர், என் அம்மா சொன்னபடியே, "குரால்" என்று பேனாவில் எழுதியிருந்தார். கொட்டகையில் இருந்த மாடு அம்மாவைப் பார்த்ததும் கத்தியது. அடையாளம் அதோடு முடிந்திருக்க வேண்டும்.

கம்ப்யூட்டர் முன்னால் இருந்தவர் பெயர் முருகேஷ். பதிவு எழுத்தர்.

"மாடு என்ன கலருங்கம்மா?"

"குராலுங்க."

"அது லிஸ்ட்ல இல்லீங்க. கருப்பு, வெள்ளை, சிவப்பு, பழுப்பு, சாம்பல், கலப்பு. ஆறுதான். இதுல எது?"

"எதுவும் இல்லீங்க. குரால்."

"புடிச்சாந்தப்பவே பழுப்புன்னு போட்டுட்டோம். நீங்களும் பழுப்புன்னு ஒரு கையெழுத்துப் போடுங்க, ஓட்டிக்கினு போங்க. பஸ்ஸுக்கு நேரமாவுதில்ல?"

அம்மா அங்கேதான் தப்புச் செய்தாள். உண்மையைச் சொல்லிவிட்டாள்.

"பழுப்பு மாடு என்னுது இல்லீங்க சார்."

 முருகேஷ் சொன்னதைச் சொன்னபடி தட்டினார்: 'மையத்தின் பாதுகாப்பில் உள்ள பழுப்பு நிறப் பசு தன்னுடையது அல்ல என்று மனுதாரர் தானாக முன்வந்து ஒப்புக்கொண்டார்.' அம்மா கையெழுத்துப் போட்டாள். படித்துக் காட்டியிருந்தாலும் போட்டிருப்பாள். அதில் பொய் ஒன்றும் இல்லையே.

அப்புறம்தான் விதியைச் சொன்னார்கள். இருபத்தோராம் நாள்வரை உரிமையாளர் நிரூபிக்கப்படாத மாடுகளை லாரியில் ஏற்றி வெளிமாவட்டக் காப்பகத்துக்கு அனுப்பிவிடுவார்கள். எந்த மாவட்டம் என்று கேட்டதற்கு, லாரி கிளம்பின பிறகுதான் தெரியும் என்றார்கள்.

அம்மா எனக்கு ஃபோன் செய்து ஒரே ஒரு வரி சொன்னாள். "மாது, மாடு இருக்குதுடா. ஆனா நம்மளுது இல்லைன்னு எழுதிக் குடுத்துட்டனாம்."

மூன்று நாள் லீவு சொல்லிவிட்டு ரயில் ஏறினேன்.

முருகேஷ் கெட்டவர் இல்லை. எனக்கு டீ சொன்னார்.

"லிஸ்ட்ல ஒரு கலர் சேர்க்க முடியாதுங்களா சார்?"

"தம்பி, மாட்டைப் பார்த்து லிஸ்ட்டு போடலீங்க. லிஸ்ட்டைப் பார்த்துத்தான் நாங்க மாட்டையே பார்க்கறோம்."

"குரால்னா உங்களுக்குப் புரியுதுங்களா?"

"ஏன் புரியாது? நானும் மாட்டுக்காரன் வூட்டுப் பையன்தான். எங்க வூட்ல ஒரு குரால் இருந்துச்சு, பாலு சும்மா பானை ரொம்பும்." அவர் டீயை ஆற்றினார். "ஆனா அது வூட்ல. இது ஆபீஸ்."

அந்தச் சொல்லுக்கு என்ன அர்த்தம் என்று அரசு ஒப்புதல் பெற்ற சொற்பொருள் சான்று வாங்கி வந்தால், 'பழுப்பு' என்பதைத் திருத்தலாம் என்றார். அது தருமபுரியில் நிறச்சொல் ஒப்புதல் பிரிவில் கிடைக்கும்.

நிறச்சொல் ஒப்புதல் பிரிவு ஒரு கட்டிடத்தின் இரண்டாவது மாடியில் இருக்கிறது. சுவர்களுக்கு இன்னும் வர்ணம் அடிக்கவில்லை, வெறும் சிமெண்டுப் பூச்சுதான். என்ன நிறம் அடிப்பது என்று இரண்டு வருடமாக அதே பிரிவில் கோப்பு ஓடிக்கொண்டிருக்கிறதாம். பிரிவின் உதவி இயக்குநர் நிர்மலாதேவி மேடம் என்னை உட்காரச் சொல்லி ஒரு படிவம் கொடுத்தார். சாதிச் சான்றுக்கு அச்சடித்த படிவம். மேலே பேனாவால் 'சொல்லுக்கு' என்று சேர்த்திருந்தார்கள்.

விண்ணப்பிக்கும் சொல்லின் பெயர். தந்தை பெயர். பிறந்த ஊர். நிரந்தர முகவரி. தமிழ்நாட்டில் எத்தனை ஆண்டுகளாக வசிக்கிறது. முன்னதாக வேறு எங்காவது இதே சான்று கோரியுள்ளதா.

தெரிந்ததை நிரப்பினேன். நிரந்தர முகவரிக்கு எங்கள் வீட்டு முகவரியைப் போட்டேன்.

"தகப்பன் பேரு காலியா விட்டிருக்கீங்களே?" என்றார் மேடம்.

"சொல்லுக்குத் தகப்பன் யாருன்னு தெரியலீங்க மேடம்."

"தெரியலைன்னா, தெரியலைன்னு வி.ஏ.ஓ. கிட்ட எழுதி வாங்கிட்டு வரணும். அப்படியே விட்டா நாளைக்கு எவனாவது வந்து நான்தான் தகப்பன்னு நிப்பான். இன்னொண்ணு. இது இங்கத்த சொல்லுதானா? நம்ம மாவட்டத்துல பாதி ஊர்ல வூட்டுக்குள்ள கன்னடம் பேசறாங்க. எல்லைக்கு அந்தாண்ட இருந்து வந்த சொல்லா இருந்தா? விசாரிக்காம உள்ள விட்டுட முடியுமா?"

"எங்க மாடு எல்லையெல்லாம் தாண்டலீங்க மேடம். மொரப்பூர் தாண்டினதே இதுதான் முதல் தடவை."

"மாட்டைப் பத்தி நான் பேசவே இல்லையே" என்றார் மேடம், ஆச்சரியமாக. "எங்க பிரிவுக்கும் மாட்டுக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை."

பிறகு அலமாரியில் இருந்து ஒரு தடித்த பழைய அகராதியை எடுக்கச் சொல்லிப் புரட்டினார். எனக்கு உயிர் வந்தது. சொல் அதில் இருந்தது. மேடமே விரலை வைத்துப் படித்தார்.

"மங்கல் நிறம்னு போட்டிருக்கு. அந்த நிறத்துப் பசுன்னும் போட்டிருக்கு. கோட்டான்னும் போட்டிருக்கு. நீங்க தொலைச்சது கோட்டான் இல்லைங்கிறதுக்கு என்ன ஆதாரம்?"

"பால் கறக்குமுங்க மேடம்."

'பால் கறக்கும் என்று மனுதாரர் கூறுகிறார்' என்று குறிப்பு எழுதினார். அகராதியிலேயே இருக்கும்போது சான்று தரலாமே என்று கேட்டேன்.

"அகராதி அர்த்தம்தான் சொல்லும் தம்பி. ஒப்புதல் நாங்கதான் தரணும். அர்த்தம் இருக்கிற சொல் எல்லாத்துக்கும் ஒப்புதல் குடுத்துட்டா அப்புறம் பிரிவு எதுக்கு?"

நிறத்துக்குக் கண்ணால் பார்க்கக்கூடிய சான்று ஏதாவது இணைத்தால் பிரிவின் அறிஞர் குழுவுக்கு அனுப்புவதாகச் சொன்னார். அதைக் கேட்டதும் எனக்கு என் வேலை ஞாபகம் வந்தது. என் வேலையே அதுதானே.

திரும்பவும் நல்லம்பள்ளி. அம்மா வேலிக்குள் கையை விட்டு மாட்டின் முதுகைத் தடவிக் கொடுத்தாள். கையோடு வந்த முடியைத் தாளில் மடித்துக்கொண்டு திருப்பூர் போனேன். எங்கள் பட்டறையில் துணிக்குச் சாயம் ஏற்றுவதற்கு முன்னால், கேட்ட நிறம் வருகிறதா என்று சின்னத் துண்டில் முக்கிப் பார்க்க ஒரு லேப் உண்டு. அங்கே இருக்கும் தெரசா அக்காவிடம் முடியைக் கொடுத்தேன். எங்கள் மாவட்டம்தான், சித்தேரிப் பக்கத்துக்காரர். விளக்குப் பெட்டிக்குள் வைத்துக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"எந்தப் பார்ட்டிடா கேக்குது இத?"

"எங்க மாடுக்கா."

"குரால்தானே இது?"

 இத்தனை நாளில் நான் சொல்லாமல் இன்னொருவர் வாயில் அந்தச் சொல்லை அன்றைக்குத்தான் கேட்டேன். மூன்று முறை முக்கி, மூன்றையும் தூக்கிப் போட்டார். முதலாவதில் சிவப்பு ஏறியது, இரண்டாவது செத்த மாதிரி இருந்தது, மூன்றாவதில் புகை போதவில்லை. நாலாவது துண்டை முடியோடு ஒட்டி வைத்துப் பார்த்தால் எது முடி, எது துணி என்று தெரியவில்லை. அட்டையில் ஒட்டி, 4417 என்று நம்பர் போட்டு, பக்கத்தில் 'குரால்' என்று எழுதினார்.

"போடா. இனிமே எவ்வளவு பனியனுக்கு வேணும்னாலும் ஏத்தித் தர்றேன். ஒரு மாட்டுக்குத் தர மாட்டாங்களாமா?"

தரவில்லை. தனியார் நிறம் செல்லாது என்றார் நிர்மலாதேவி மேடம். அத்தோடு, அரசுப் பாதுகாப்பில் உள்ள பசுவின் உடலில் இருந்து அனுமதி இன்றி முடி நீக்கியதற்கு விளக்கம் கேட்டு எனக்கு ஒரு கடிதமும் தந்தார். முடி தானாகக் கையோடு வந்தது என்று விளக்கம் எழுதிக் கொடுத்தேன். தானாக முடி உதிர்வது பராமரிப்புக் குறைபாட்டைச் சுட்டுவதால், அந்த விளக்கத்தை மையம் ஆட்சேபித்தது.

இப்படியே பதினைந்து நாள் போயிற்று. எனக்கு லீவு முடிந்து வெகு நாளாகிவிட்டது. சூப்பர்வைசர் தினம் ஒரு தடவை ஃபோன் செய்கிறார், நான் எடுப்பதில்லை. அம்மா காலையில் முதல் பஸ்ஸில் வந்து வேலிக்கு வெளியே உட்காருவாள். உள்ளே போட்ட சோளத்தட்டை மாடு தின்னாது. அம்மா வேலிக்குள் கையை நீட்டினால் தின்னும். சாயங்காலம் கடைசி பஸ்ஸுக்கு எழுந்து போகும்போது, "நாளைக்கு வர்றன், படுத்துக்க" என்று மாட்டிடம் சொல்லிவிட்டுப் போவாள்.

திடீரென்று ஒரு நல்ல செய்தி வந்தது. குழு நேரிலேயே வருகிறது. பிரிவின் ஆண்டறிக்கைக்கு ஒரு கருத்தரங்கு குறைந்ததாம். நிலுவையில் இருந்த ஒரே சொல் எங்களுடையது. நேற்று, திங்கட்கிழமை, மையத்தின் வளாகத்திலேயே ஷாமியானா போட்டார்கள். மேடைக்குப் பின்னால் கட்டின பேனரின் நிறம் கத்தரிப்பூ. அச்சடிப்பவர் குரால் என்றால் என்ன கலர் என்று கேட்டிருக்கிறார். அதற்கு இன்னும் ஒப்புதல் வராததால் யாரும் பதில் சொல்லவில்லை. பேனரில் இப்படி இருந்தது: 'குரால்: தோற்றம், பொருள், மறைவு.'

"மறைவுன்னா என்னாடா?" என்றாள் அம்மா.

"ஒண்ணும் இல்லம்மா."

மாட்டைக் கொட்டகைக்குப் பின்னால் கொண்டுபோய்க் கட்டியிருந்தார்கள். நிகழ்ச்சி நிரலில் மாடு இல்லை. சாணி வாசம் வருகிறது என்று மேடையில் இருந்தும் சொல்லியனுப்பினார்கள்.

குழுவின் தலைவர் முனைவர் அருள்குமார் மைக்கைப் பிடித்தார். அவர் பேசியதை என் ஃபோனில் பதிந்து வைத்திருக்கிறேன். அப்படியே தருகிறேன்.

"அவையோரே, நாற்பது ஆண்டுகளாக நான் மாட்டு நிறச் சொற்களை ஆராய்ந்து வருகிறேன். இந்த நாற்பது ஆண்டுகளில் ஒரு மாட்டைக்கூட நான் நேரில் பார்த்ததில்லை. பார்த்திருந்தால் என் நடுநிலை கெட்டிருக்கும். குரால் என்னும் இந்த அருமையான சொல் எங்கே பிறந்தது? தெரியவில்லை. எப்படி வளர்ந்தது? தெரியவில்லை. ஆனால் அது எப்போது இறந்தது என்பதை எமது குழு மிகத் துல்லியமாகக் கண்டறிந்திருக்கிறது. சென்ற வாரம் நானூறு பேருக்கு இணையவழிப் படிவம் அனுப்பி, 'நீங்கள் குரால் என்ற சொல்லைப் பயன்படுத்துகிறீர்களா?' என்று கேட்டோம். ஒருவர்கூடப் பதில் அனுப்பவில்லை. இதைவிடத் தெளிவான பதில் வேறு வேண்டுமா? ஒரு சொல் உயிரோடு இருந்தபோது நாம் அதைக் கவனிக்கவில்லை. அந்தக் குற்ற உணர்வோடு, அதற்கு உரிய இறுதி மரியாதையையாவது குறையில்லாமல் செய்வோம் என்று..."

அம்மா எழுந்து நின்றுவிட்டாள். நான் சேலையைப் பிடித்து இழுத்தேன், உட்காரவில்லை.

"ஐயா, நான் பேசறனுங்களே. காத்தாலகூட பேசினனுங்க. எங்க ஊர்ல எல்லாரும் பேசறாங்க."

முனைவர் கோபப்படவில்லை. மிகவும் கனிவாகச் சிரித்தார்.

"அம்மா, நீங்கள் பேசுவது பேச்சு. பேச்சு காற்றோடு போய்விடும். நீங்கள் பேசியதை ஒருவர் எழுதி, அவர் எழுதியதை நாங்கள் படித்தால்தான் அது சொல்."

"அந்தா, அவரு எழுதறாருங்களே" என்று அம்மா கையைக் காட்டினாள். மேடைக்குக் கீழே நடவடிக்கைக் குறிப்பு எழுதிக்கொண்டிருந்தவர் முருகேஷ். அவர் தலையை நிமிர்த்தவே இல்லை. பிற்பாடு அந்தக் குறிப்பை நான் பார்த்தேன். 'பார்வையாளர்களில் ஒரு பெண்மணி எழுந்து ஏதோ ஒரு சொல்லைக் கூறினார்' என்று எழுதியிருந்தார்.

"அனைவரும் எழுந்து நிற்போம்" என்றார் முனைவர். "மறைந்த சொல்லுக்கு ஒரு நிமிடம் மௌனம்."

எல்லோரும் எழுந்தார்கள். தலையைக் குனிந்தார்கள். ஷாமியானாத் துணி காற்றில் அடிப்பது மட்டும் கேட்டது. அப்போது கொட்டகைக்குப் பின்னால் இருந்து மாடு கத்தியது. பசிக்குக் கத்துகிற கத்தல் இல்லை.

"ஈனுதுடா" என்றாள் அம்மா.

நகர்ந்தாள். வழியில் நின்றிருந்த காவலாளி கையைக் குறுக்கே நீட்டி, உதட்டை அசைக்காமல், "மௌனத்துல நடக்கக் கூடாதும்மா" என்றார். நிர்மலாதேவி மேடம் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். மாடு மறுபடி கத்தியது. அம்மா என்னைப் பார்த்தாள். எனக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. நானும் எல்லோரையும் போலத் தலையைக் குனிந்துகொண்டு நின்றேன். இந்தப் பதினெட்டு நாளில் நான் செய்ததிலேயே கேவலமான காரியம் அதுதான். அம்மா காவலாளியின் கைக்குக் கீழே குனிந்து ஓடினாள். மௌனம் முடிய இன்னும் இருபது விநாடி இருந்தது.

நான் போய்ச் சேருவதற்குள் கன்று விழுந்துவிட்டது. கிடேரிக் கன்று. கம்பிக்கு இந்தப் பக்கம் அம்மா, அந்தப் பக்கம் மாடு கன்றை நக்கிக்கொண்டிருந்தது. அங்கே நன்றியுரை ஆரம்பமாகிவிட்டது.

குரால் மாட்டின் கன்று பிறக்கும்போது சிவப்பாகத்தான் இருக்கும். வளர வளரத்தான் குரால் ஏறும். இது எங்கள் ஊரில் எல்லோருக்கும் தெரியும். மையத்துக்கு அது தெரியத் தேவை இல்லை. சிவப்பு அவர்கள் பட்டியலில் இருந்தது. முருகேஷ் ஒரு தட்டுத் தட்டினார், கன்றுக்கு அடையாளச் சான்றிதழ் வந்துவிட்டது. பிறந்த ஒரு மணி நேரத்தில், அப்பழுக்கு இல்லாத சான்றிதழ். நிறம்: சிவப்பு. உரிமையாளர்: மையம். தாய்: இல்லை.

"தாய் அந்தா நிக்குதுங்களே சார்" என்றேன்.

"நிக்குது தம்பி. ஆனா அதோட நிறம் மறைஞ்சுட்டதா இப்பத்தான் தீர்மானம் போட்டாங்க. இல்லாத நிறத்துல ஒரு மாட்டை நான் எப்படிப் பதியறது? நிலுவைன்னு மாத்தியிருக்கு. நிலுவை மாட்டுக்குக் கன்னு போட முடியாது, சிஸ்டம் ஒத்துக்காது."

சான்று உள்ள கன்றைச் சான்று உள்ள கொட்டகையில் அடைத்தார்கள். நிலுவை மாட்டை நிலுவைக் கொட்டகையில் விட்டார்கள். கன்று சீம்பால் குடிக்காமல் கத்தியது. தாயும் கத்தியது. அம்மா அலுவலகத்துக்குள் போய், மேசை முன்னால் நின்று, இத்தனை நாள் சொல்லாததைச் சொன்னாள்.

"பழுப்புன்னே போட்டுக்குங்க சார்."

முருகேஷ் நிமிர்ந்தார்.

"பழுப்புதாங்க. நான்தான் தெரியாம சொல்லிட்டன். மாரப்பன் மாடுன்னு வேணும்னாலும் போட்டுக்குங்க, நான் திருடிதான்னு எழுதிக்குங்க. கன்னுக்குட்டிய மட்டும் தாய்கிட்ட வுடுங்க."

என் அம்மா இன்னொருத்தர் நிறத்தைச் சொல்லி மாடு கேட்டு நான் பார்த்ததே இல்லை. என்னால் பார்க்க முடியவில்லை. முருகேஷாலும் முடியவில்லை. கம்ப்யூட்டர் திரையைப் பார்த்தபடியே சொன்னார்.

"அன்னிக்கே சொல்லியிருந்தா அன்னிக்கே முடிஞ்சிருக்கும்மா. இன்னிக்கு நான் பழுப்புன்னு போட்டா, குழு தீர்மானம் போட்ட குரால் மாடு எங்கன்னு கேப்பாங்க. எதுக்கு நான் கணக்குச் சொல்லட்டும்? இப்ப நீங்க பொய் சொல்றதுக்கும் மேல இருந்து ஒப்புதல் வரணும்."

பிறகு மேல்முறையீட்டு விதியை அச்செடுத்துத் தந்தார். மறைந்த சொல் மறையவில்லை என்று ஒருவர் வாதாடலாம். அதற்கு, அந்தச் சொல் இடம்பெறும் எழுத்து ஒன்று வேண்டும். எழுதியவர் தன் பெயர், வயது, இருப்பிடத்தைத் தொடக்கத்தில் சொல்ல வேண்டும். சொல் இயல்பாக வர வேண்டும், வலிந்து திணிக்கக் கூடாது. அதைப் படித்தவர்களில் பதினைந்து பேராவது அந்தச் சொல்லைத் தாமாகப் பயன்படுத்தினோம் என்று கையால் எழுதி அனுப்ப வேண்டும். இருபத்தோராம் நாள் லாரி வருவதற்குள் வந்து சேர வேண்டும்.

இதுவரை அந்தச் சொல்லை எத்தனை முறை சொன்னேன் என்று நான் எண்ணவில்லை. திணித்ததாகத் தோன்றினால் மன்னிக்கவும். மாட்டைப் பற்றிப் பேசும்போது அதன் நிறம் வாயில் வந்துவிடுகிறது.

ஒன்று சொல்ல விட்டுவிட்டேன். நேற்று மதியம் சாப்பாட்டு நேரத்தில் இரண்டு கொட்டகைக்கும் நடுவில் உள்ள கதவின் தாழ்ப்பாள் தானாகத் திறந்துகொண்டது. கன்று போய்ப் பால் குடித்தது. இன்றும் அதே நேரத்துக்குத் திறந்தது. "தாழ்ப்பாள் பழுதுன்னு மேல எழுதிப் போட்டிருக்கேன் தம்பி" என்றார் முருகேஷ், டிபன் டப்பாவைக் கழுவிக்கொண்டே. "பார்க்க ஆள் வர மூணு மாசமாவும்." ஆனால் லாரி வெள்ளிக்கிழமை வருகிறது. கன்றுக்குச் சான்று இருப்பதால் அது இங்கேயே இருக்கும். மாடு மட்டும்தான் போகும்.

"ஆறு மாசத்துல கன்னும் குராலாயிடும்" என்கிறாள் அம்மா, வேலியைப் பார்த்துக்கொண்டே. "அப்ப அதோட காயிதமும் செல்லாதுடா."

இதைப் படிக்கிறவர் யாராக இருந்தாலும் ஒரு காரியம் செய்யுங்கள். இன்றைக்கு யாரிடமாவது, எதையாவது காட்டி, குரால் என்று ஒரு தடவை சொல்லுங்கள். மாடு இல்லாவிட்டால் ஆறின களியைக் காட்டிச் சொன்னாலும் போதும். சொன்னதாக ஒரு தாளில் எழுதி, உங்கள் பெயரும் ஊரும் போட்டு, நல்லம்பள்ளி கால்நடை அடையாள மையத்துக்கு அனுப்பிவிடுங்கள். இன்று செவ்வாய்க்கிழமை. வெள்ளிக்கிழமை காலை லாரி வருவதற்குள் வந்து சேரும்படி அனுப்புங்கள்.